பெட்டி கேட்காமல் விட்ட ஏழாவது இடம்

சேலத்தில் ஒரு நாளிதழில் பதினோரு ஆண்டுகள் துணையாசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதி அனுப்பும் செய்தியைச் சந்தேகப்படுவதுதான் என் வேலை. விபத்தில் மூவர் காயம் என்று வந்தால், மூவர் என்று சொன்னது யார், மருத்துவமனையா, போலீஸா, பக்கத்து டீக்கடைக்காரரா என்று கேட்டாக வேண்டும். பதில் வராவிட்டால் ‘எனக் கூறப்படுகிறது’ என்று சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிடுவோம். அந்த இரண்டு சொற்களும் எங்கள் பொறுப்பைத் துடைத்துவிடும். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

என் மனைவி கணித ஆசிரியை. அவளுக்குக் கொல்லிமலைக்கு மாறுதல் வந்தபோது நானும் வேலையை விட்டுவிட்டு, அதே பத்திரிகைக்கு மலைச் செய்தியாளராகச் செம்மேட்டுக்குக் குடிவந்தேன். செய்தியை எழுதி, உறையிலிட்டு, மதிய பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். அது எழுபது வளைவுகளையும் இறங்கி, சேந்தமங்கலத்தில் ஒரு கடைக்காரர் கைக்குப் போய், அங்கிருந்து ஊர் மாறி ஊர் போகும். மறுநாள் மாலை பஸ்ஸில் பத்திரிகை வந்தால், நான் எழுதியதில் எது வெட்டுப்பட்டது என்று தெரிந்துகொள்வேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் கழித்து அவள் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினாள். மலைப் பாதையில் பஸ்ஸில் வந்த அந்தப் பெட்டியை, வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தாள். அதனுடன் ஒரு புள்ளிமுனைப் பிரிண்டரும், மின்சாரம் ஏறி இறங்குவதைத் தாங்க ஒரு ஸ்டெபிலைசரும் வந்தன. அவளுடன் படித்து, இப்போது கீழே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் தோழி, கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றைக் குறுந்தகட்டில் பதிந்து கொடுத்திருந்தாள். காசு கொடுத்து வாங்க வேண்டாத வகை அது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும்தான். படமில்லை, அலங்காரமில்லை.

கால்குலேட்டரிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பது எனக்குப் புரிய இரண்டு வாரம் பிடித்தது. கால்குலேட்டருக்கு எண் வேண்டும். இதற்கு எழுத்துப் போதும். பள்ளிக்கூடத்தில் நாம் எக்ஸ், ஒய் என்று எழுதி விரித்ததையும் சுருக்கியதையும் இது செய்யும். விடையும் எழுத்தாகவே வரும். எண்ணைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் விடலாம்.

ஒருநாள் அவள் எனக்கு ஒன்றைக் காட்டினாள். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததற்கு வர்க்கமூலம் எடுத்தால் என்ன வரும் என்று கேட்டாள். அதே எண்தான் என்றேன். பெட்டியிடம் கேட்டாள். பெட்டி அப்படிச் சொல்லவில்லை. மைனஸ் மூன்றை எடுத்துக்கொண்டால் பெருக்கல் ஒன்பது, வர்க்கமூலம் மூன்று. புறப்பட்ட எண் திரும்பவில்லை. எக்ஸ் என்பது எந்த வகை எண் என்று யாரும் சொல்லாதபோது பெட்டி நம்மைப்போல அவசரப்படாது. சில கணக்குகளில் நின்று, திரையில் ஒரு வரி எழுதிக் கேட்கும்: எக்ஸ் மிகையா, குறையா, பூச்சியமா? விடை கொடுக்கும்வரை நகராது.

எனக்கு அதன் மேல் உடனே மரியாதை வந்துவிட்டது. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு செய்தியாளர்கூட எனக்கு வாய்க்கவில்லை.

ஒவ்வொரு முறையும் பதில் சொல்வது அலுப்பாக இருந்தால், ‘எக்ஸ் பூச்சியத்தைவிடப் பெரியது என்று வைத்துக்கொள்’ என்று முதலிலேயே கட்டளை கொடுத்துவிடலாம். பிறகு கேட்காது. விடையும் சுருக்கமாக, அழகாக வரும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு என்று அவளே சொல்லியிருந்தாள். வைத்துக்கொள் என்று சொன்னதை அது வைத்தே கொள்ளும். வேறு கணக்குக்குப் போனாலும் விடாது. அன்றைய வேலையை வட்டில் சேமித்து, அடுத்த வாரம் திறந்தாலும் பழைய அனுமானம் கூடவே எழுந்து வரும். விட வைக்க ‘மற’ என்று தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும்.

அந்த வருடம் மாசி மாதம், பள்ளி விடும் நேரத்தில் ஓர் அம்மாள் அவளைத் தேடி வந்தார். எடப்புளி நாடு என்று மலையில் வழங்கும் பகுதியில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூர்க்காரர். சாமையும் மிளகும் போடுகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். சந்தைக்கு மிளகு கொண்டுவந்த இடத்தில், டீச்சர் ஊட்டில் கணக்குப் போடும் பெட்டி இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவர் ஊருக்குக் குடிதண்ணீர் ஒரு சுனையிலிருந்து வந்தது. வந்தது என்றால் பெண்கள் குடத்தில் கொண்டுவந்தார்கள். போக ஒரு நடை, வர ஒரு நடை, இடையில் ஓர் ஏற்றம். இந்த அம்மாள் ஒரு வருடம் அலைந்து, ஒரு தொண்டு அமைப்பிடம் கறுப்புக் குழாய்ச் சுருள்களை வாங்கிவிட்டார். சுருள்களை இறக்கிவிட்டுப் போனவர்கள், வழி பார்த்துச் சொல்ல ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆள் வரவில்லை. மிளகுப் பறிப்பு முடிந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் அந்த இரண்டு வாரத்துக்குள் வாய்க்கால் வெட்டிக் குழாயைப் புதைத்தால்தான் உண்டு. வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டி எடுத்து வருவதாக எல்லாரையும் அவர் சம்மதிக்க வைத்திருந்தார்.

சிக்கல், சுனைக்கும் ஊருக்கும் நடுவில் இருந்தது. இரண்டு குன்றுகள் சேரும் இடத்தில் ஒரு மேடு. அதைக் கழுத்து என்றார்கள். கழுத்து வழியாகப் போனால் குழாய் சரியாகப் போதும். சுற்றிக்கொண்டு போனால் பாதி வழியில் தீர்ந்துவிடும். சுனை ஊரைவிட உயரத்தில் இருக்கிறது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கழுத்தைத் தாண்டித் தண்ணீர் வருமா? ஊரில் பாதிப் பேர் வரும் என்றார்கள், பாதிப் பேர் வராது என்றார்கள்.

“வெட்டி முடிச்சுத் தண்ணி வருலீன்னா, அப்புறம் நான் கூப்புட்டா நாய்கூட வராதுங்க டீச்சர்” என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அளவுகளோடு வரச் சொன்னாள் என் மனைவி.

அளக்கும் முறையை அவர் பஸ் ரோடு போட்ட காலத்துக் கூலி வேலையில் கற்றிருந்தார். கண்ணாடி போன்ற ரப்பர்க் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் இரண்டு கம்புகளில் கட்ட வேண்டும். இரண்டு பேர் எவ்வளவு தள்ளி நின்றாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கம்பில் உள்ள கோடுகளைப் பார்த்து, இந்த இடம் அந்த இடத்தைவிட எவ்வளவு கீழே என்று சொல்லிவிடலாம். சுனையிலிருந்து தொடங்கி ஊர்வரை அப்படி அளந்து, ஒரு நோட்டு அட்டையின் பின்புறம் எழுதி எடுத்து வந்தார். ஏழு இடங்கள். ஆறுக்கு நேரே முழமும் சாணும் இருந்தன. கழுத்துக்கு நேரே எண் இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

கழுத்தின் அளவு விட்டுப்போயிருக்கும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று என் மனைவி நினைத்தாள். எண்ணைக் கடைசியில் வைப்பது அவள் பழக்கம் என்பதால் அது அவளுக்குப் பெரிதாகப் படவும் இல்லை. ஆறு இடங்களுக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்துக் கொடுத்தாள். அளவு தெரியாத கழுத்துக்குக் கணக்குக்காரர்கள் எல்லாரும் செய்வதைச் செய்தாள்: எக்ஸ் என்று வைத்தாள். ஒவ்வோர் எழுத்தும் அந்த இடம் சுனையைவிட எவ்வளவு கீழே என்பதைக் குறிக்கும்.

பெட்டி தன் வழக்கப்படி கேட்டது. ஏ மிகையா, குறையா, பூச்சியமா? அவள் திரும்பி, “அக்கா, இந்த மொத எடம் சுனைக்குக் கீழயா, மேலயா, சமமா?” என்று கேட்டாள். அந்த அம்மாள் அட்டையைப் பார்க்காமலே “கீழீங்க” என்றார். பதிலைத் தட்டினாள். அடுத்தது பி. அதுவும் கீழே. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் ஒரு விரலை மடக்கிக்கொண்டு வந்தார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு நல்ல பேட்டி போலத் தோன்றியது. கேட்பவருக்கு அவசரமில்லை, சொல்பவருக்குத் தடுமாற்றமில்லை.

கடைசியாக அவள் கேட்டது, வழியில் எந்த இடத்திலாவது தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் பூச்சியத்துக்குக் கீழே போகிறதா என்று. எங்கும் போகவில்லை என்றது பெட்டி. தண்ணீர் வரும் என்று அவள் சொன்னதும் அந்த அம்மாள் எழுந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மிளகை மேசை மேல் வைத்தார். அடுத்த ஞாயிறு வெட்டத் தொடங்குவதாகச் சொல்லிவிட்டு, “வாரேனுங்க” என்று கிளம்பினார். பிரிண்டர் கரகரத்து, அன்றைய வேலை முழுவதையும் தாளில் அடித்துத் தள்ளியது. அவள் அதைக் கோப்பில் போட்டாள்.

புதன்கிழமை மாலை அவர் மறுபடி வந்தார். சந்தை நாள் அல்ல. இதற்காகவே வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு அந்தப் பொட்டி ஆறு எடந்தானுங்க கேட்டுது. கழுத்தப் பத்திக் கேக்குலீங்களே.”

என் மனைவி சிரித்தாள். எல்லாவற்றையும் பார்த்துத்தான் அது சொன்னது, கேட்கத் தேவையில்லை என்றால் கேட்காது என்றாள். அந்த அம்மாள் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். வலது கையில் ஐந்து விரலும் மடங்கி, இடது கையில் ஒன்று மடங்கியிருந்தது.

“எனக்கு நல்லா நெனப்பிருக்குதுங்க. பஸ்ஸுல போறப்பவே எண்ணிப் பாத்தேன். ஆறுதான். எல்லாரும் சண்டை போட்டுக்கற எடம் அது ஒண்ணுதான். அத மட்டும் விட்டுப்போட்டுதே, ஏனுங்க?”

அவளுக்குச் சிரிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமை வேலையைத் திறந்தாள். இதுவரை உனக்குச் சொல்லி வைத்திருப்பதை எல்லாம் காட்டு என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதைத் தட்டினாள். பட்டியலில் ஏழு வரி வந்தது. ஆறு வரிகள் அன்று அந்த அம்மாள் சொன்ன பதில்கள். முதல் வரி மட்டும் அவர் சொன்னதல்ல. எக்ஸ் பூச்சியத்தைவிடப் பெரியது.

அதை யார் சொன்னது என்று நான் கேட்க வாய் எடுத்தேன். கேட்கத் தேவையிருக்கவில்லை. ஞாயிறு காலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்காக ஒரு கணக்கைச் சரிபார்த்திருந்தாள். அதில் எக்ஸ் ஒரு முக்கோணத்தின் பக்கம். பக்கத்தின் நீளம் மிகையாகத்தான் இருக்கும் என்பதால் அப்படி வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தாள். மற என்று சொல்ல மறந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து அதே எழுத்தைக் கழுத்துக்கு வைத்தபோது, பெட்டியைப் பொறுத்தவரை கழுத்து சுனைக்குக் கீழே என்பது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். அதனால் கேட்கவில்லை. எங்கும் பூச்சியத்துக்குக் கீழே போகவில்லை என்று அது சொன்ன விடையில் கழுத்தைப் பற்றிய பகுதி, அவளே காலையில் சொன்னதை அவளுக்கே திருப்பிச் சொன்னதுதான்.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் பார்ப்போம். யாரும் கேட்காவிட்டால் விட்டுவிடுவோம். கேட்டால் உள்பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, நான்கு வரி. அவள் நாற்காலியைத் திருப்பி அந்த அம்மாளைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“தப்பு என்னுதுங்க்கா. பொட்டி மேல ஒண்ணும் இல்ல. தண்ணி வருமுன்னு நான் சொன்னதை விட்டுருங்க. வருமா வராதான்னு எனக்கு இப்பத் தெரியாது.”

அந்த அம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தார். ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். குறைகூறும் தொனி அதில் இல்லை. அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கிறவரின் குரல்.

அவள் ‘மற’ என்று தட்டி, கணக்கை மறுபடி முதலிலிருந்து கேட்டாள். பெட்டி அந்த ஆறையும் மறுபடி கேட்டது; ஆறுக்கும் பதில் சொன்னாள். பிறகு ஏழாவதாக ஒரு வரி வந்து நின்றது. எக்ஸ் மிகையா, குறையா, பூச்சியமா?

நாங்கள் இருவரும் அந்த அம்மாளைப் பார்த்தோம். அவர் திரையைப் பார்த்தார்.

“அளக்குலீங்க” என்றார்.

மறந்துபோய் விட்டதல்ல. கழுத்தில் ஒரு சாமிக் கல் இருக்கிறது. கல்லைச் சுற்றி ஒரு வீடு கட்டும் அளவு இடம் சாமிக்கு. அந்த வழியாக நடக்கலாம், சுமை கொண்டு போகலாம், நின்று இளைப்பாறலாம். அளக்கக் கூடாது. கம்பு ஊன்றி, கயிறு பிடித்து, கோடு போட்டு அளக்கிறவன் இடத்துக்குச் சொந்தம் கொண்டாட வருகிறவன் என்பது அவர்கள் கணக்கு. அளக்க வந்தவர்களால் எங்கெங்கே என்னென்ன போனது என்று மலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அளந்துகொண்டு வந்தவர்கள் கல்லுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, கம்பைத் தோளில் சாய்த்து நடந்து கடந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். நடுவில் உள்ளதைச் சமம் என்று மனதில் வைத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அட்டையில் அதை எழுதத் தோன்றவில்லை.

ஆக ஒரே இடத்தைப் பற்றி இரண்டு பேர் தனித்தனியாக ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏழு தலைமுறைப் பழக்கத்தால், ஒருத்தி ஒரு காலை நேர வேலையால். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று சரியாகப் பொருந்தி, கேள்வியே தெரியாமல் மூடிவிட்டன.

அந்த வழக்கத்தைப் பற்றி என் மனைவி ஒரு வார்த்தை வாதாடவில்லை. அளக்கக் கூடாது சரி, தூரத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டாள்.

“பாக்கறதுக்கு என்னங்க? கும்புடறதே பாக்கத்தானுங்களே” என்றார் அந்த அம்மாள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய், இறங்கி நடந்தோம். எனக்குக் கிடைத்த வேலை கம்பு பிடிப்பது. சாமி இடத்துக்கு வெளியே, இந்தப் பக்கத்து விளிம்பில் நின்றோம். அந்த இடம் சுனையைவிட எவ்வளவு கீழே என்பது அட்டையில் இருந்தது. அதே அளவு உயரத்தில் இரண்டு கம்புகளிலும் கோடு போட்டால் அந்தக் கோடுதான் சுனையின் மட்டம். ரப்பர்க் குழாயின் தண்ணீரை இரண்டு கம்பிலும் அந்தக் கோட்டில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, இரண்டு தண்ணீர் மட்டத்தையும் ஒன்றாக வைத்துக் கல்லை நோக்கிப் பார்க்க வேண்டும். யாரும் உள்ளே காலடி வைக்கவில்லை. கோல் உள்ளே நீளவில்லை.

முதலில் என் மனைவி பார்த்தாள். பிறகு அந்த அம்மாள். தண்ணீர் வருவதானால் அந்தப் பார்வை, தரைக்கு மேலே வெட்டவெளியில் கழுத்தைத் தாண்டிப் போக வேண்டும். அது கல்லுக்கு முன்னாலேயே மண்ணில் முட்டியது. குழாயைக் கம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒரு முழமும் ஒரு சாணும் ஏற்றிய பிறகுதான் பார்வை தரையை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. கழுத்து சுனையைவிட அவ்வளவு மேலே.

எக்ஸ் குறை. ஊரில் வராது என்று சொன்ன பாதிப் பேர் சரி.

அந்த அம்மாள் கம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார். அன்று பார்த்துச் சொல்லாமல் இருந்திருந்தால், மறுநாள் காலை ஊரே மண்வெட்டியோடு வந்து, ஒரு வாரம் வெட்டி, கடைசியில் கழுத்துக்கு இந்தப் பக்கமே தண்ணீர் நின்றுபோவதைப் பார்த்திருக்கும். அவர் அதைத்தான் நினைத்திருப்பார் என்று நான் ஊகித்தேன். பிறகு கேட்டபோது அதை நினைக்கவில்லை என்றார். குடம் முக்கும்போது தன் கை எங்கே இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

எழுந்தார். “டீச்சர், நாம சுனையில குடம் முக்கற மட்டத்துல இருந்துதானுங்களே அளந்தம்?”

ஆமாம் என்றாள்.

“தண்ணி அங்க பொறக்குலீங்க. மேல பாறை வெடிப்புல பொறந்து, பாசிக்கடியில ஒழுகி அங்க வந்து விழுகுது. சாமிய எறக்க முடியாது. நாம புடிக்கற எடத்த ஏத்தலாமுங்களே.”

என் மனைவி அவரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடன் வாழ்ந்த வருடங்களில் அந்தப் பார்வையை நான் இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன்; கடினமான ஒரு கணக்கை ஒரு மாணவி அவளே யோசிக்காத வழியில் போட்டுவிடும்போது வரும் பார்வை. எண்களை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதும் நாமாக வைத்துக்கொண்டதுதான் என்று வகுப்பில் வருடம் தவறாமல் சொல்கிறவள் அவள். பூச்சியத்தை நகர்த்தலாம். இங்கே அதைச் சுனையில் வைத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. வைத்தது குடம் முக்கும் பழக்கம்.

சுனைக்கு ஏறினோம். பாசியை விலக்கினால் வெடிப்பு தெரிந்தது. விரல் பருமனில், சத்தமில்லாமல், தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் குடம் முக்கும் இடத்தில் நின்று கையை உயர்த்தினார். விரல் நுனிக்கும் மேலே இருந்தது வெடிப்பு. கழுத்து ஏறியிருந்த ஒரு முழத்தையும் சாணையும் கழித்தாலும் ஓர் ஆள் உயரம் மிச்சம். வெடிப்பிலிருந்து கழுத்துவரை குழாயில் உரசிப் போகும்போது குறையும் விசைக்கு அது போதுமா என்பதுதான் மீதிக் கேள்வி. மதியம் அந்த அம்மாளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் செம்மேட்டில் கரண்ட் இல்லை. அந்த அம்மாள் பதிலோடு கடைசி பஸ்ஸுக்கு முன் போக வேண்டும். என் மனைவி கோப்பிலிருந்து தாளை எடுத்து அதன் பின்புறம் பென்சிலால் போட்டாள். ஒவ்வோர் எழுத்தை எழுதும்போதும் பெட்டி கேட்பதைப் போலத் தானே வாய்விட்டுக் கேட்டு, அந்த அம்மாள் சொன்ன பிறகே அடுத்த வரிக்குப் போனாள். ஏழையும் கேட்டாள். ஏழாவதில் மட்டும், கோல் வைத்து அளந்ததல்ல, கண்ணால் பார்த்ததுதான் என்பதால், ஒன்றும் எழுதாமல் ஓர் இடம் விட்டாள்.

வேகமாக வராது, மெதுவாக வரும் என்றாள் கடைசியில். வருமா என்று கேட்டார் அந்த அம்மாள். என் கணக்குப்படி வரும், ஆனால் ஏழாவது பதிலைத் தண்ணீர்தான் சொல்ல வேண்டும் என்றாள். ஊரில் இதை எப்படிச் சொல்லப்போகிறார் என்று நான் கேட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்லப்போகிறேன் என்றார். சொன்னாராம். கழுத்து மேலே என்று தெரிந்ததை முதலில் சொல்லி, வராது என்று சொன்னவர்களை எழுந்து நிற்கவைத்து, நீங்கள் சொன்னதுதான் சரி, அதனால் வெடிப்பில் பாசி வழிக்கும் வேலை உங்களுக்கு என்றாராம். சிரித்துக்கொண்டே போனார்களாம்.

ஆறு நாள் வெட்டினார்கள். சாமி இடத்தில் மண்ணைத் தொடவில்லை. குழாயை நிலத்தின் மேலேயே படுக்கவைத்துச் சருகால் மூடினார்கள். அதற்குச் சாமி தடை ஒன்றும் இல்லையா என்று கேட்டேன்.

“தண்ணி போறதுக்குச் சாமி ஒண்ணுஞ் சொல்லாதுங்க. அதுக்கும் வெயிலடிக்குதில்ல” என்றார் அந்த அம்மாள்.

தொடங்கும் இடம் மேலே போனதால் குழாய் மறுமுனையில் இரண்டு ஆள் நீளம் குறைந்தது. ஊரில் தொட்டி வைக்க நினைத்த இடத்தை இரண்டு ஆள் நீளம் சுனைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு காலையில் வெடிப்பில் குழாயைப் பொருத்தினார்கள். நாங்கள் ஊரில், மறுமுனையில் இருந்தோம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு குழாய் மூச்சுவிடத் தொடங்கியது. உள்ளே இருந்த காற்று விட்டு விட்டு வெளியே வந்தது. பெண்கள் குடங்களோடு நெருங்கி வந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் காற்றுதான். வராது என்று சொன்ன ஒருவர் வெற்றிலையை எடுத்தவர் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். என் மனைவி சற்றுத் தள்ளி நின்றாள்; தாள் அவள் பையில் இருந்தது, எடுக்கவில்லை. அந்த அம்மாள் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

முதலில் செம்மண் கலங்கிய ஒரு கை அளவு வந்தது. நின்றது. மறுபடி காற்று. அப்புறம் நிற்காமல் வந்தது. பெரிய தாரை அல்ல. ஒரு குடம் நிறைய, நிதானமாக ஒரு பீடி குடிக்கும் நேரம் ஆகும். தெளியும்வரை ஓடவிட்டார்கள். அந்த அம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைக்காமல் எங்களிடம் வந்தார்.

“டீச்சர், போயி அந்தப் பொட்டிகிட்டச் சொல்லிருங்க. கழுத்து கீழதானுங்க.”

அன்று மாலை கரண்ட் இருந்தது. அவள் உட்கார்ந்து, முதல் வேலையாக, இதுவரை சொன்னதை எல்லாம் மற என்று கட்டளை கொடுத்தாள். அந்த வழக்கத்தை அதன் பிறகு அவள் ஒருநாளும் விட்டதில்லை. பிறகு கணக்கை எழுதினாள். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றாகப் பதில் போனது. ஏழாவதில் வழக்கம்போல நின்றது.

மிகை, என்று தட்டினாள். தாளை எடுத்து, விட்டிருந்த இடத்திலும் பென்சிலால் அதையே எழுதினாள்.